போர்டுல என்ன இருக்குன்னு வாயால சொல்லுங்க டீச்சர்!

உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். டீச்சர் வாயால் சொல்லி எழுத வைத்த பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா? போர்டைப் பார்த்து எழுத வேண்டிய பக்கங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றனவா? பக்கத்து சீட் பையன் செய்த எழுத்துப் பிழை அப்படியே இவன் நோட்டிலும் இருக்கிறதா? அப்படியானால், 'கவனம் எங்கேடா போச்சு?' என்று காதைத் திருகுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். கோளாறு கவனத்தில் இல்லாமல் கண்ணில் இருக்கலாம்.

பார்வை என்றதும் நம்மில் பலருக்கு இரண்டே வகைதான் தெரியும். நன்றாகத் தெரிகிறவர்கள் ஒரு பக்கம். கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக நடக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கு அம்மா முகம் தெரியும், வாசல் தெரியும், தெருவில் விளையாடக்கூடச் செய்வார்கள். ஆனால் கண்ணாடி போட்ட பிறகும் போர்டில் எழுதியது தெரியாது. இதைத்தான் டாக்டர்கள் 'குறைபார்வை' என்கிறார்கள். பார்வை அறவே இல்லாத பிள்ளைக்கு உதவி வேண்டும் என்று எல்லோருக்கும் புரிகிறது. இவர்களுக்குக் கிடைப்பதோ, 'நல்லாத்தானே நடக்கிறான், படிக்கச் சொன்னா மட்டும் நடிக்கிறான்' என்ற பட்டம்தான்!

முதலில் கண் டாக்டர்

பள்ளிக்கூட வயதில் போர்டு தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கிட்டப்பார்வை மாதிரியான சாதாரணக் கோளாறுதான். சரியான கண்ணாடி போட்டால் தீர்ந்தது. அதனால் முதல் வேலை பரிசோதனை. புத்தகத்தை மூக்கில் இடிப்பதுபோல் வைத்துப் படிப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொள்வது, பொழுது சாய்ந்தால் தடுக்கி விழுவது, கருவிழி நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பது... இதெல்லாம் அடையாளங்கள். குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஏதாவது பளிச்சென்று தெரிந்தால் மட்டும் 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று இருந்துவிடாதீர்கள். அது கண்புரையாக இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

திருக்கழுக்குன்றத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு பக்கம்தான். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேல் சிகிச்சைக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று.

டாக்டர் சீட்டில் 6/18, 6/60 என்று ஏதோ பின்னம் மாதிரி எழுதியிருப்பார். பயப்பட வேண்டாம். மற்றவர்கள் 60 மீட்டர் தூரத்திலேயே படித்துவிடுகிற பஸ் போர்டை, உங்கள் பிள்ளை 6 மீட்டர் பக்கத்தில் வந்த பிறகுதான் படிக்க முடியும் என்பதுதான் 6/60. கண்ணாடி போட்டும், இரண்டில் நல்ல கண்ணிலேயே 6/18-க்குக் கீழே போனால் குறைபார்வை. 3/60-க்கும் கீழே போனால் பார்வையின்மை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த அளவுகளை வைத்துத்தான் வரையறுக்கிறது. பார்க்கும் பரப்பு குறுகிப்போயிருந்தாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஒரே போர்டு, பல கண்கள்

'முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் சரியாகிவிடும்' என்று ஒரு பொது வைத்தியம் உண்டு. பலருக்கு அது நல்ல வைத்தியம்தான். தூரம் பாதியானால் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். நாலு மீட்டரில் இருந்தவனை ஒரு மீட்டருக்குக் கொண்டு வந்தால் நாலு மடங்கு. காசு செலவில்லாத பூதக்கண்ணாடி இது! 'கிட்டப் போய்ப் பார்த்தால் கண் கெட்டுடும்' என்று பாட்டி சொன்னால் நம்ப வேண்டாம். குறைபார்வைப் பிள்ளை கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதால் கண் கெடுவதில்லை.

ஆனால் எல்லாக் கண்ணுக்கும் இது பொருந்தாது. மாலைக்கண்ணில் ஆரம்பித்து, பார்வை சுற்றிலுமிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற ஒரு பரம்பரை விழித்திரை நோய் இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இது வர வாய்ப்பு அதிகம். இந்தப் பிள்ளை உலகத்தை ஒரு குழாய் வழியாகப் பார்க்கிறது. இதைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டு போனால் ஒரு வார்த்தைதான் குழாய்க்குள் அடங்கும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தான் வரி தெரியும். அறையை இருட்டாக்கி ப்ரொஜெக்டர் போட்டால் இதற்கு நோட்டும் தெரியாது, பேனாவும் தெரியாது.

பிறவியிலேயே உடம்பில் நிறமி இல்லாமல் வெள்ளை முடியோடு பிறக்கிற பிள்ளைகளுக்கு நேர்மாறான தொல்லை. வெளிச்சம்தான் எதிரி. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து போட்டால் கண் கூசி நீர் கொட்டும். கறுப்பில் வெள்ளை எழுத்து போட்டால் நிம்மதி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்க வேண்டும்.

இன்னும் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் பழுது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறை. அதனால் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். 'நான் இங்க பாடம் நடத்தறேன், நீ அங்க எங்க பாக்கற?' என்று அடி வாங்குவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான். அது அந்தப் பக்கம் திரும்பினால்தான் டீச்சரே தெரிவார்!

ஆகவே உங்கள் பிள்ளைக்கு எந்த இடம், எந்த வெளிச்சம், எந்த அளவு எழுத்து ஒத்துவருகிறது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட 'எங்க உட்கார்ந்தா தெரியும்?' என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியும்.

சாக்பீஸ் போய் ஸ்மார்ட் போர்டு வந்தது

இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகள் வரைக்கும் ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. தனியார் பள்ளிகளில் கேட்கவே வேண்டாம். நல்ல விஷயம்தான். ஆனால் பார்வை குறைந்த பிள்ளைக்கு இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது.

பழைய வாத்தியார் எப்படிப் பாடம் நடத்துவார்? 'ஒளிச்... சேர்க்கை...' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சாக்பீஸால் எழுதுவார். கை ஓடுகிற வேகத்துக்குத்தான் வாய் ஓடும். போர்டு தெரியாத பிள்ளையும் காதால் பிடித்து எழுதிவிடும். இப்போது எட்டு வரியும் இரண்டு படமும் ஒரே சொடுக்கில் திரையில் வந்து விழுகின்றன. 'எல்லாரும் படிச்சாச்சா? அடுத்தது' என்று ஸ்லைடு ஓடிப் போகிறது. எழுதும்போது தானாகக் கிடைத்துக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது. அந்தக் குரலைத் திரும்பக் கொண்டு வந்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது என்பேன். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.

'இது', 'அது', 'இங்கே'

திருக்கழுக்குன்றத்தில் ஒரு வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஊர் மலையின் போட்டோ. டீச்சர் சொல்கிறார்: 'பசங்களா, இதைப் பாருங்க. இதான் கோயில். இங்கதான் அந்தக் காலத்துல கழுகு வந்து சாப்பிடும். இது தெரியுதில்ல, இது பல்லவர் காலத்துது.'

கண்ணை மூடிக்கொண்டு இதை இன்னொரு தடவை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன புரிந்தது? இது, இது, இங்கே. அவ்வளவுதான்!

அதையே இப்படிச் சொல்லலாம்: 'படத்துல பெரிய பாறை மலை ஒண்ணு இருக்கு. அதோட உச்சியில வேதகிரீஸ்வரர் கோயில். மேலே போறதுக்குப் படிக்கட்டு. மலையிலேயே பாறையைக் குடைஞ்சு செஞ்ச மண்டபம் ஒண்ணு இருக்கு, பேர் ஒருகல் மண்டபம். பல்லவர் காலத்துது. அடிவாரத்துல பெரிய கோபுரங்களோட பக்தவத்சலேஸ்வரர் கோயில்.' அரை நிமிஷம்கூட ஆகாது. நன்றாகப் பார்வை இருக்கிற பிள்ளைகளுக்கும் 'ஓ, அது மண்டபமா' என்று அப்போதுதான் உறைக்கும்.

படத்தில் இருக்கிற எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. வானம் நீலம், மேகம் மூன்று என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் பாடம் போய்விடும். என்ன பாடத்துக்காக அந்தப் படம் என்பதுதான் கணக்கு. வரலாறு என்றால் குடைவரை மண்டபத்தைச் சொல்லுங்கள். அறிவியல் என்றால் கழுகைச் சொல்லுங்கள்: உடம்பு வெள்ளை, முகம் மஞ்சள், இறக்கை ஓரம் கறுப்பு. ஒரே படத்துக்கு இரண்டு வகுப்பில் இரண்டு விளக்கம் வரும்.

கணக்கு டீச்சர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'ஏ கூட்டல் பி வர்க்கம்' என்று சொன்னால், வர்க்கம் பி-க்கு மட்டுமா, இரண்டுக்கும் சேர்த்தா? போர்டைப் பார்க்கிறவனுக்கு அடைப்புக்குறி தெரிகிறது. காதால் கேட்கிறவனுக்கு? 'அடைப்புக்குள் ஏ கூட்டல் பி, அடைப்பு முடிந்தது, அது முழுவதற்கும் வர்க்கம்' என்று சொல்லுங்கள். தமிழ் ஐயா இதில் கெட்டிக்காரர். 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன' என்று அவர் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஸ்லைடு தயார் பண்ணும்போது...

இதைப் படிக்கிற உங்களில் ஆசிரியைகளும் இருப்பீர்கள். பள்ளி ப்ராஜெக்டுக்காகப் பிள்ளைக்கு ராத்திரி பத்து மணிக்கு பவர்பாயிண்ட் செய்து தருகிற அப்பாக்களும் இருப்பீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும்தான் இது.

தமிழ் எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு, புள்ளி. 'பல்' என்பதற்கும் 'பல' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னப் பொட்டுதான். மெல்லிசான, சுருள் சுருளான அலங்கார எழுத்தில் அந்தப் புள்ளியைத்தான் குறைபார்வைப் பிள்ளை முதலில் தொலைக்கும். கல்யாணப் பத்திரிகை எழுத்து பாடத்துக்கு ஆகாது. தடிமனான, நேரான எழுத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 24-க்குக் குறையவே கூடாது. 32 என்றால் இன்னும் நல்லது. எழுத்து கொள்ளவில்லையா? எழுத்தைச் சுருக்காதீர்கள், விஷயத்தை இரண்டு ஸ்லைடாகப் பிரியுங்கள்.

வெள்ளையில் மஞ்சள், சிவப்பில் பச்சை, கோயில் படத்தின் மேலேயே எழுத்து... வேண்டவே வேண்டாம். 'சிவப்பில் இருக்கிறதெல்லாம் முக்கியம்' என்று வண்ணத்தை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரித் தெரிகிற பையன்கள் பல வகுப்புகளில் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அது தங்களுக்கே தெரியாது. சிவப்போடு ஒரு அடிக்கோடும் போட்டுவிட்டால் போச்சு. எழுத்து குதித்து, சுழன்று, பறந்து வருகிற வேடிக்கையெல்லாம் பிறந்தநாள் வீடியோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. வகுப்புக்கு முதல் நாளே அந்த ஃபைலைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். குறைபார்வைப் பிள்ளை வீட்டில் போனிலோ டேப்லெட்டிலோ பெரிதாக்கிப் படித்துவிட்டு வரும். பார்வை இல்லாத பிள்ளை, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டுகிற மென்பொருளை வைத்துக் கேட்டுவிட்டு வரும். இப்படிப்பட்ட என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற, பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் 2006-ல் ஆரம்பித்தது. தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்று உள்ளேயே இருக்கிறது.

ஆனால் ஒரு கண்டிஷன். கையால் எழுதியதை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டால் இந்த மென்பொருளுக்கு அது வெறும் படம். பேசாது, இல்லாவிட்டால் உளறும். டைப் செய்து அனுப்ப வேண்டும். அதையும் யூனிகோடில் டைப் செய்ய வேண்டும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் நம் கண்ணுக்குத்தான் அது அம்மா. கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று படிக்கும். அம்மா என்று கேட்க உட்கார்ந்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்? தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டாயிற்று. இருந்தும், ரொம்ப வருஷமாகப் பழைய எழுத்துருவில் சேர்த்து வைத்த கேள்வித்தாள்களும் குறிப்புகளும் இன்னும் பல பள்ளிக் கம்ப்யூட்டர்களில் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன. மாற்றித் தருகிற இலவச வசதிகள் இன்டர்நெட்டிலேயே இருக்கின்றன. மாற்றிவிட்டு ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்கள்.

ஸ்லைடில் படம் போட்டால், அதன்மேல் வலது பக்கச் சொடுக்கு கொடுத்து 'மாற்று உரை' என்ற இடத்தில் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். மென்பொருள் அதைப் படிக்கும். எழுதாவிட்டால் 'படம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

கோலமும் கைகொடுக்கும்

பூக்குழாய், இதயம், தமிழ்நாட்டு வரைபடம் இதையெல்லாம் எவ்வளவுதான் வாயால் சொல்வது? தொட்டுத்தான் தெரிய வேண்டும். இதற்கு அடுக்களையும் தையல் பெட்டியும் போதும். அட்டையில் பென்சிலால் வரைந்து, கோட்டின் மேல் பசையை மேடாகப் பிழிந்து ஒரு ராத்திரி காய விடுங்கள். கடற்கரைக்குத் தடித்த நூல், ஆற்றுக்கு மெல்லிய நூல், ஊர்களுக்கு உளுந்து, மலைக்கு ரவை. ஒரு அட்டையில் ஒரு விஷயம்தான். எல்லா ஊரையும் ஒட்டினால் விரலுக்குப் பருப்பு டப்பாவில் கை விட்ட மாதிரிதான் இருக்கும்! அட்டையைக் கையில் கொடுத்ததும் பேச ஆரம்பிக்காதீர்கள். விரல் ஒரு சுற்று சுற்றி வரட்டும், அப்புறம் சொல்லுங்கள்.

மாமல்லபுரத்தில் சிற்பக் கடைகளில் உள்ளங்கை அளவு கடற்கரைக் கோயில் கல்லில் செய்து விற்கிறார்கள். ஷோகேஸில் வைக்க வாங்குவோம். அதைப் பள்ளிக்குக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை ஸ்லைடு போட்டாலும் தெரியாத விமானத்தின் அடுக்குகள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

பார்வை அறவே இல்லாத, அல்லது வரவரக் குறைகிற பிள்ளைக்கு பிரெய்லும் கட்டாயம் வேண்டும். ஆறே புள்ளி. புள்ளிக் கோலம் போடுகிற நமக்கு இது புரியாதா என்ன? பிரான்ஸில் லூயி பிரெய்ல் 15 வயதில், 1824-ல் கண்டுபிடித்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல் ஏற்பட்டது. 'போன்தான் படிச்சுக் காட்டுதே, பிரெய்ல் எதுக்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காதால் மட்டும் கேட்கிற பிள்ளைக்கு எங்கே ழ, எங்கே ள என்று எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் இதெல்லாம் புதிதில்லை. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித்தர ஆரம்பித்தார். 2015-ல் சென்னை பெனோ ஜெபின், பார்வை முழுவதும் இல்லாதவர்களில் முதல் ஆளாக இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

பள்ளிக்கு எப்படிக் கேட்பது?

தயங்க வேண்டாம். இது தயவு இல்லை, உரிமை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், 6 வயதிலிருந்து 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது 2016 சட்டம். புத்தகமும் உதவிக் கருவிகளும் இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. செங்கல்பட்டு 2019-ல் தனி மாவட்டம் ஆகிவிட்டதால் காஞ்சிபுரத்துக்கு ஓட வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் இருக்கிறது.

டீச்சரிடம் சண்டை போடுகிற தோரணையில் போகாதீர்கள். அவருக்கு நாற்பது பிள்ளைகள். 'மிஸ், இவளுக்கு வலது பக்க முதல் பெஞ்ச்தான் தெரியுதாம், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க போர்டுல எழுதறதை வாயாலயும் சொல்லிட்டா போதும். ஸ்லைடை முந்தின நாள் எனக்கு அனுப்பினா நான் வீட்ல படிச்சுக் காட்டிடறேன்' என்று சொல்லிப் பாருங்கள். வருகிற பதில் பெரும்பாலும், 'அடடா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?' என்றுதான் இருக்கும். போர்டை போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வகுப்பில் போனோ டேப்லெட்டோ வேண்டும் என்றால் மட்டும் ஹெட்மாஸ்டருக்குக் கடிதமாக எழுதி, டாக்டர் சீட்டை இணைத்துவிடுங்கள்.

பரீட்சைக்கும் வழி இருக்கிறது. சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். பெரிய எழுத்துக் கேள்வித்தாளும் கேட்கலாம். இதற்கெல்லாம் சான்றிதழும், யு.டி.ஐ.டி. என்கிற அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்து, ஹால் டிக்கெட் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைகிற பெற்றோர்கள் நிறையப் பேர். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.